கருவாட்டில் இருந்த சிவப்பு

போன கிழமை நீங்கள் என்னை உங்கள் ஆய்வுகூடத்துக்கு அழைத்து, கடல் நீர் தேங்கும் களப்பின் சேற்றில் வளரும் நுண்ணுயிர்களைக் காட்டினீர்கள். மரத்திலும் மாட்டிலும் மனிதரிலும் இருக்கிற, கருவுள்ள சிக்கலான உயிர்க்கலம் முதன்முதலில் எப்படி உண்டானது என்பதற்கு இந்தச் சேற்றில் தடயம் கிடைக்கும் என்றீர்கள். மிகப் பழைய காலத்தில் ஆர்க்கியா என்ற இனத்து நுண்ணுயிர் ஒன்றும் பற்றீரியா ஒன்றும் சேர்ந்து வாழத் தொடங்கியதில்தான் அந்தக் கலம் வந்தது என்று படம் கீறி விளக்கினீர்கள். பிறகு உங்களில் ஒருவர் கேட்டார்: "மிஸ், உங்கட காலத்தில ஆர்க்கியாவைப் பாத்திருக்கிறீங்களோ?"

பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர் அப்போது இல்லை. அறுபதுகளின் நடுவில், முல்லைத்தீவுக் கரையில், மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஆட்கள் வெளியே நிற்க, உள்ளே ஒரு ஆடுகிற மேசையில் வைத்துப் பார்த்தேன். அன்று நான் பயந்த பயத்தை உங்கள் கூட்டத்தில் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் வவுனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆய்வுகூட வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. வெளிநோயாளர் பகுதிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் ஆய்வுகூடம். இரத்தம், சளி, மலம், சிறுநீர் என்று வருகிறதைப் பார்த்து எழுதி அனுப்புவேன். நோயாளியின் முகம்கூட எனக்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. முகம் தெரியாத வரைக்கும் வேலை இலகு.

ஒரு காலை பெரிய டொக்டர் என் அறை வாசலில் வந்து நின்றார். அவர் அந்தப் பக்கம் வருவதே அருமை.

"முல்லைத்தீவுப் பக்கம் ஒரு மீன் வாடியில ஆக்கள் வயித்தாலை போய்ப் படுத்திருக்கினம். ரெண்டு பேர் முடிஞ்சுது. சிவந்துபோன கருவாடு திண்டதாம். என்னால வார்ட்டை விட்டு வரேலாது. நீர் போய் அந்தச் சிவப்பு என்னெண்டு பாரும்."

"நான் தனியவோ, டொக்டர்?"

"சுகாதாரப் பரிசோதகர் ஜீப்பில வாறார். கருவாடு முழுக்க எரிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்திட்டுது. எரிக்க முதல் பாரும்."

கிருமி பார்க்கும் நுணுக்குக்காட்டியைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஓமந்தை தாண்டி, மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, காட்டுப் பாதையில் ஜீப் குலுங்கியது. பரிசோதகர் நடுத்தர வயதுக்காரர், நாலு பிள்ளைகளின் தகப்பன். வழி முழுக்க ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார். "மிஸ்ஸி, எனக்கு எரிக்கச் சொல்லித்தான் சொல்லியிருக்கு. எரிக்காமல் இன்னொராள் செத்தால் என்ர வேலை போகும்."

வாடி என்பது மீன்பிடிக் காலத்தில் மட்டும் கரையில் எழும்பும் குடிசைக் கூட்டம். அந்த வாடிக்கு மேலே, மேட்டு நிலத்தில், ஹனீபா என்ற வியாபாரியின் வீடும் கருவாட்டுக் கொட்டிலும் இருந்தன. மீனை வாங்கி, உப்பிட்டுக் காயவைத்து வெளியூருக்கு அனுப்புகிறவர் அவர். அந்த வருஷம் உப்புத் தட்டுப்பாடு. களப்பு ஓரத்தில் தானாக விளைந்த உப்பை மாட்டு வண்டியில் இறக்கியிருந்தார். அந்த உப்பு விளைந்த தண்ணீரே சிவப்பு என்று பிறகு அறிந்தேன்.

நாங்கள் போய் இறங்கியபோது கொட்டில் வாசலில் ஹனீபா நின்றார். அவருக்கு எதிரே வாடி ஆண்கள் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல். அதுதான் எனக்கு அதிகம் பயம் தந்தது.

"நல்லதாப் போச்சு, ஐயா வந்திட்டார்," என்றார் போத்தல்காரர் பரிசோதகரிடம். "நீங்க கொளுத்திறீங்களோ, நாங்க கொளுத்தட்டோ?"

ஹனீபா என்னைப் பார்த்துச் சொன்னார்: "மகள், இதே கருவாட்டைத்தான் என்ர வீட்டிலயும் தின்னுறம். என்ர பிள்ளையளுக்கு ஒண்டுமில்லை. நான் நஞ்சு விக்கிறவனோ?"

"அப்ப உங்கட பிள்ளையளுக்கு மட்டும் ஏன் ஒண்டும் வரேல்ல?" என்று யாரோ பின்னால் இருந்து கேட்டார்.

கொட்டிலுக்குள் போனேன். அடுக்கியிருந்த கருவாட்டின் மேல், வெற்றிலைச் சாறு துப்பியதுபோல் சிவப்புப் படலம். தொட்டால் வழுக்கியது. மணம் மூக்கைத் துளைத்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு பெண் வழியை மறித்தாள். கறுப்புச் சீலை. பெயர் திரேசம்மா என்று சொன்னார்கள். முதல் நாள்தான் அவளுடைய புருஷனை அடக்கம் செய்திருந்தார்கள்.

"மிஸ்ஸி, அதை ஏன் ஆராயிறீங்க? நான் கண்ணால கண்டனான். கருவாட்டில இருந்த சிவப்பு அவரின்ர வயித்துக்குள்ள போய், அதே சிவப்பா வெளியில போனது."

அவள் புருஷனுக்கு மலம் இரத்தமாகப் போயிருக்கிறது. ஊர் முழுக்க அந்த இரண்டு சிவப்பையும் ஒன்றாகக் கண்டுவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஹனீபா வீட்டு முன்விறாந்தையில் ஒரு மேசை கிடைத்தது. சிவப்புப் படலத்தைச் சுரண்டி, வழக்கம்போல் துளி தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் தட்டில் பூசி, காயவைத்து, சாயமிட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஏதோ சளி இழுபட்ட மாதிரிக் கோடுகள் மட்டும். சாயம் பழுதோ என்று இன்னொரு போத்தலில் இருந்து இட்டேன். அதிலும் ஒன்றுமில்லை. பரிசோதகர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன மிஸ்ஸி?"

"ஒண்டும் தெரியேல்ல."

"ஒண்டுமில்லையோ, தெரியேல்லையோ?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் மறக்கமாட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாடி முழுக்கக் காத்து நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். வவுனியாவுக்குக் கொண்டுபோய் ஆறுதலாகப் பார்க்கிறேன் என்று சொன்னால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆனால் நான் ஜீப்பில் ஏறினால் கொட்டில் எரியும், அதற்குப் பிறகு வேறு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

கருவாட்டில் இருந்து வடிந்த உப்புத் தண்ணீர் அடியில் கிடந்தது. அதையே தண்ணீர் கலக்காமல், சாயமும் இடாமல், ஒரு துளி எடுத்து மூடிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துளி முழுக்க உயிர். சிறு கோல்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. அப்படியானால் முதலில் எங்கே போயின? மூடிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டேன். தண்ணீர் உள்ளே போகப் போகக் கோல்கள் வீங்கின, உருண்டன, பிறகு இல்லாமலே போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. திரும்பவும் செய்தேன். திரும்பவும் அதேதான்.

நான் படித்த எந்தக் கிருமியும் தண்ணீர் பட்டு இப்படிக் கரைந்து போகாது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடும் உப்பு இல்லாத இடத்தில் அது உயிரோடு இருக்காது என்பதைக் கண்ணால் கண்டேன். மனிதக் குடலில் அவ்வளவு உப்பு இல்லை.

பரிசோதகரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கெட்டிக்காரர்; உடனே கேட்டார்: "செத்தாலும், நஞ்சை விட்டுட்டுச் செத்திருக்கலாமே?"

"இருக்கலாம்."

"அப்ப?"

"அப்ப நோயாளிகளைப் பாப்பம்."

குடிசைகளில் படுத்திருந்தவர்களிடம் போனோம். காய்ச்சல், வயிற்றை முறுக்கும் வலி, இரத்தமும் சளியுமாகக் கழிவு. மூன்று பேரின் மலத்தை எடுத்துப் பார்த்தேன். சீழ்க்கலங்கள் தட்டு நிறைய இருந்தன, ஒவ்வொன்றிலும் பிளவுபட்ட கரு தெளிவாகத் தெரிந்தது. அவை நம் உடம்பின் சொந்தக் கலங்கள், சண்டைக்கு வந்தவை. இப்படி இரத்தமாகப் போகும் வயிற்றுளைவுக்குக் காரணமாகும் அமீபா இருக்கிறதா என்று தேடினேன், காணவில்லை. நஞ்சு தின்றவனுக்குக் காய்ச்சலோடு இவ்வளவு சீழ் வராது. ஏதோ ஒரு பற்றீரியா இவர்களின் குடலில் வளர்கிறது என்று எண்ணினேன்.

அதற்குள் திரேசம்மா என்னைத் தன் குடிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய சின்ன மகள் பாயில் கிடந்தாள், கண் உள்ளே போயிருந்தது.

"இவளும் கருவாடு திண்டவளோ?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ்ஸி. அவளுக்கு உறைப்பு ஏலாது. பழஞ்சோத்துக்குத் தண்ணி விட்டுப் பிசைஞ்சுதான் குடுக்கிறனான்."

சொல்லிவிட்டு, பிள்ளையின் வாயில் தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இந்தத் தண்ணி எங்க அள்ளினது?"

"பூவலில. எல்லாரும் அங்கதான்."

பூவல் என்பது மணலில் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கும் ஆழமில்லாத குழி. வாடிக்குப் பின்னால், தாழையின் பக்கம் இருந்தது. கட்டு இல்லை, மூடி இல்லை. அதற்கு மேலே சரிவில் எல்லோரும் வெளிக்குப் போகும் இடம். முந்தின கிழமை காலம் தப்பி ஒரு பெருமழை பெய்திருக்கிறது. சரிவில் இருந்து பூவல்வரை தண்ணீர் ஓடிய தடம் மணலில் இன்னும் கிடந்தது. பரிசோதகர் தடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "இப்ப கருவாட்டை எரிச்சால் எல்லாரும் பிரச்சினை முடிஞ்சுது எண்டு வீட்டை போவினம். போய்ப் பூவல் தண்ணி குடிப்பினம்."

"பூவல்தான் எண்டு நிச்சயமோ?"

"இல்ல. அதை வளர்த்துப் பாக்க நாள் வேணும்."

"நிச்சயமில்லாமல் நான் உத்தரவை மீறட்டோ?"

"மீற வேண்டாம். கொட்டிலைப் பூட்டுங்கோ. ஒருத்தரும் தின்னேலாது, விக்கேலாது. எரிக்கிறதை எப்பவும் எரிக்கலாம்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு போய்க் கொட்டிலைப் பூட்டி அரக்கு வைத்தார். பூவலை மண் போட்டு மூடவேண்டும் என்று வாடி ஆட்களிடம் சொன்னார். அப்போதுதான் நாங்கள் யோசியாத சிக்கல் வந்தது. பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லை, ஹனீபாவின் வீட்டு வளவுக்குள் இருந்த கட்டுக் கிணறு ஒன்றைத் தவிர.

"காலமை அவரைக் கொளுத்த வந்தனாங்கள். பின்னேரம் அவரின்ர கிணத்தில குடிக்கிறதோ?" என்றார் போத்தல்காரர். "கருவாட்டில நஞ்சு வைச்சவர் கிணத்தில வைக்கமாட்டாரோ?"

ஹனீபாவின் முகம் கறுத்தது. "தண்ணியைத் தடுக்கிறது எங்கட வழக்கமில்லை," என்றார். "வாசல் படலையைத் திறந்து விடுறன். வாறவை வரட்டும். ஆனால் என்ர முகத்தைப் பாத்து இந்தக் கதை கதைக்க வேண்டாம்."

ஒருவரும் அசையவில்லை. திரேசம்மா என்னிடம் வந்தாள்.

"மிஸ்ஸி, பூவல்தான் எண்டு நீங்க நிச்சயமாச் சொல்லுறீங்களோ?"

எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்களுக்கும் இலகு, எனக்கும் இலகு.

"நிச்சயம் எண்டு சொல்லேலாது. பூவல்தான் எண்டு நினைக்கிறன். என்ர பிள்ளை எண்டால் அந்தத் தண்ணி குடுக்கமாட்டன். கிணத்துத் தண்ணியையும் கொதிக்க வைச்சுத்தான் குடுப்பன்."

அவள் தன் குடிசைக்குள் போய்க் குடத்தை எடுத்து, இருந்த தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு, ஹனீபாவின் படலைக்குள் போனாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் போனார்கள். ஆண்கள் எப்போது போனார்கள் என்று நான் பார்க்கவில்லை. நாங்கள் மாதிரிகளோடு புறப்பட்டுவிட்டோம்.

அடுத்த நாட்களைப்பற்றி என்ன சொல்ல? வளர்ப்புத் தட்டுகளைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஒரு பின்னேரம், திரும்பவும் வாடிக்குப் போயிருந்த பரிசோதகர் முல்லைத்தீவுத் தபால் கந்தோரில் இருந்து தொலைபேசியில் வந்தார்.

"மிஸ்ஸி, இன்னொராள் முடிஞ்சுது. கிணத்துத் தண்ணி குடிச்ச ஆள். சனம் திரும்பவும் கொட்டிலடியில நிக்குது. இனி எரிக்கட்டோ?"

நான் பிழை விட்டிருந்தால் அந்த மனிதரைக் கொன்றது நான். ஒரு நிமிஷம் "எரியுங்கோ" என்ற சொல் வாய்வரை வந்தது. எரித்தால் பொறுப்பு என் தலையை விட்டு இறங்கிவிடும்.

"அவர் எப்ப படுத்தவர்?" என்று கேட்டேன்.

மறுபக்கத்தில் யாரையோ கூப்பிட்டு விசாரிக்கும் சத்தம் கேட்டது.

"நாங்கள் போக முதலே படுத்திட்டாராம்."

"நாங்கள் வந்தபிறகு புதுசா ஆரும் படுத்தவையோ?"

திரும்பவும் விசாரித்தார்.

"அடுத்த நாள் ரெண்டு பேர். அதுக்குப் பிறகு... ஒருத்தரும் இல்லைப்போல கிடக்கு."

"அப்ப பூட்டு அப்பிடியே இருக்கட்டும்."

நான் சொன்ன குரல் எனக்கே நம்பிக்கையாகக் கேட்கவில்லை. ஆனால் அவர் பூட்டைக் காத்தார். கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்தாராம். அந்தத் துணிவுக்கு அவருக்கு யாரும் பாராட்டு எழுதவில்லை.

பிறகு தட்டுகள் பேசின. நோயாளிகளின் மாதிரிகளில் வயிற்றுளைவுப் பற்றீரியா வளர்ந்தது. பூவல் தண்ணீரில் மலக்கிருமிகள் மண்டிக் கிடந்தன. கிணற்றுத் தண்ணீர் சுத்தம். கருவாட்டுச் சிவப்பு, நாங்கள் சாதாரணமாக வளர்க்கும் தட்டில் துளிகூட வளரவில்லை. வாடியில் புதிதாக ஒருவரும் விழவில்லை. திரேசம்மாவின் மகள் எலும்பும் தோலுமாக எழும்பினாள். ஹனீபாவின் கருவாடு எப்படியும் பழுதுதான், மணத்துக்கே விற்க முடியாமல் கடலோரம் புதைத்தார். அந்த மீன்பிடிக் காலம் முடியும்வரை வாடி அவருடைய கிணற்றில்தான் அள்ளியது. போத்தலோடு நின்றவரோடு மட்டும் அவர் பிறகு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் அந்தச் சிவப்பை விடவில்லை. உப்பை அள்ளிப் போட்டுத் தட்டுத் தயாரித்தேன். நெடுநாள் கழித்துச் சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. பெனிசிலின் வைத்துப் பார்த்தேன். மற்றப் பற்றீரியாக்கள் பல செத்துப்போகும் மருந்தில் இது அசையாமல் இருந்தது. மருந்து பழசு என்றார் டொக்டர். அதே போத்தல் மருந்தில் வேறு கிருமிகள் செத்தன. எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை.

பதில் வர நான் ஓய்வு பெறும் வயது ஆகிவிட்டது. அந்தச் சிவப்பு பற்றீரியாவே அல்ல, ஆர்க்கியா என்று உங்களைப் போன்றவர்கள் எழுதியதில் படித்தேன். பெனிசிலின் உடைக்கிற கலச்சுவர் அதற்கு இல்லை. நீங்கள் சேற்றில் தேடுகிற, கருவுள்ள கலத்துக்கு மிக நெருங்கிய ஆர்க்கியாவுக்கு அது தூரத்துச் சொந்தம்தான். என்றாலும் பரம்பரை எண்ணிப் பார்த்தால், அந்தப் பூவலில் இருந்த கிருமியைவிட அந்தச் சிவப்புக்கு நாம் கிட்டிய சொந்தமாம். அந்தக் கிருமியின் இனத்தாரில் ஒன்றுதான் பழங்காலத்தில் இன்னொரு கலத்துக்குள் போய்த் தங்கி, இன்று நம் கலத்தில் மூச்சு வேலை பார்க்கும், மைற்றோகொண்ட்ரியா என்ற இழைமணியாக இருக்கிறதாம். எப்படிப் போனது, எப்போது போனது என்று நீங்கள் இன்னும் வாதாடுகிறீர்கள். அந்த விறாந்தை மேசையில் சீழ்க்கலம், பற்றீரியா, சிவப்பு என்று மூன்று வகை உயிரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. உலகில் கருவுள்ளது, கருவில்லாதது என்று இரண்டு வகைதான் உண்டு என நம்பிக்கொண்டு நான் குனிந்து பார்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறியது. ஒரு பொருள் என்னவென்று தெரியுமுன்பே அதைப்பற்றி முடிவு சொல்லவேண்டிய நாள் வரும். அன்றைக்குக் கண்டதை மட்டும் சொல்லுங்கள். நிச்சயமில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பயம் போகாது. எனக்குப் போகவில்லை.

அடுத்த வருஷம் திரேசம்மா மகளைக் காய்ச்சலுக்குக் காட்ட வவுனியாவுக்கு வந்தாள். என் அறையைத் தேடிப் பிடித்தாள். மர வாங்கில் இருந்தபடி கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்தாள். பிறகு கேட்டாள்.

"மிஸ்ஸி, அந்தச் சிவப்பு என்னெண்டு கண்டுபிடிச்சாச்சோ?"

"இல்ல. இன்னும் தெரியாது."

"தெரியாதோ." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "அண்டைக்கு அவர் வேண்டாம் எண்டுதான் சொன்னவர். சிவந்து கிடக்கு, எறி எண்டு. நான்தான் மீனை ஏன் வீணாக்குவான் எண்டு கழுவிக் கறி வைச்சனான். அதால அவர் போகேல்ல எண்டாவது தெரியுமோ?"

"ஓம். அது தெரியும். நீங்க கழுவேக்கையே அது செத்துப்போச்சு."

"நிச்சயமாவோ?"

"நிச்சயமா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். மகளின் பெயர் வந்தபோதும் அவள் எழும்பவில்லை. நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் கூட்டிப் போனேன்.